முப்பத்திரண்டாவது அளவு

முதலில் இந்தத் தேநீருக்கு நன்றி, மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனால் டீ அக்காவின் வலது கை இன்னும் தேறவில்லை என்று கேள்விப்பட்டேன். இடது கையால் போட்டால் கரண்டி சற்றுத் தாராளமாகத்தான் சாயும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

விசாரணை என்று கூப்பிட்டிருக்கிறீர்கள், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தட்டச்சு செய்கிறவர் அவசரப்பட வேண்டாம், நான் நிதானமாகப் பேசுகிறவன். வீட்டில் இதற்காகவே என்மேல் கோபம் உண்டு.

எங்கள் கம்பெனி தலைமுடி ஜெல் தயாரிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் ஆராய்ச்சிப் பிரிவு. அங்கே பதினாறு வருடமாக நான் அளவீட்டு ஆள். ஜெல்லைக் கருவியில் வைத்து மெதுவாகத் திருகி, எவ்வளவு இறுக்கம், எவ்வளவு இளக்கம் என்று எழுதி வைப்பது என் வேலை. முதுகுக்குப் பின்னால் என்னைத் 'திருகு சார்' என்பார்கள். முகத்துக்கு நேரே வெறும் 'சார்'.

ஜெல்லைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். புட்டிக்குள் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத, மெத்துமெத்தென்ற உருண்டைகள். கோடிக்கணக்கில், தண்ணீரில் ஊறிப்போய். கொஞ்சமாக இருந்தால் தம்பாட்டுக்கு அலைந்துகொண்டிருக்கும். புட்டியைச் சாய்த்தால் ஓடும். நெருக்கினால் ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்தாரின் நடுவில் மாட்டிக்கொள்ளும். இன்னும் நெருக்கினால் உருண்டை உருண்டையாகவே இருக்காது, ஒன்றின்மேல் ஒன்று அழுந்திப் பக்கங்கள் தட்டையாகிவிடும். அதன்பின் புட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. இதற்கு எண்ணிக்கையைக் கூட்டவேண்டும் என்றுகூட இல்லை. எங்கள் உருண்டைகள் குளிர்ந்தால் இன்னும் தண்ணீர் குடித்து உப்பும். அதே புட்டி, அதே உருண்டைகள், ஆறு டிகிரி குறைத்தால் போதும், இறுகி நின்றுவிடும். சூடாக்கினால் குடித்த தண்ணீரைக் கக்கிச் சுருங்கி, மறுபடி ஓட ஆரம்பிக்கும். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு இது அலுத்ததே இல்லை.

இப்போது பிளான்காரரிடம் வருகிறேன். போன மாதம் மேலிடம் அவரை அனுப்பியது. புதிதாக ஒன்பது பேரை வேலைக்கு எடுக்கப் போகிறார்கள், அவர்களை எங்கே உட்காரவைப்பது என்று படம் போடுவதற்காக. நல்ல மனிதர். சட்டைப் பையில் நாலு நிறத்தில் பேனா வைத்திருப்பார். அவருடைய படத்தில் மனிதர்கள் எல்லாரும் ஒரே அளவுச் சதுரங்களாக இருந்தார்கள். பெரிய கூட்ட அறையும் என் அளவீட்டு அறையும் புதியவர்களுக்கு. இனிமேல் எல்லாக் கூட்டமும் சின்னக் கூட்ட அறையில், நின்றபடியே. அந்த அறை பத்தடிக்கு ஒன்பதடி. நடுவில் தரையோடு பொருத்திய நீள்வட்ட மேசை வேறு. அதில் முப்பத்திரண்டு பேர் தாராளமாக நிற்கலாம் என்று அவர் எழுதியிருந்தார்.

என் அறையில் என் கருவி கல்மேசைமேல் இருக்கிறது. யாராவது பக்கத்தில் இருமினாலே அதன் முள் ஆடும். ஒன்பது பேர் நடமாடும் இடத்தில் அதை வைப்பதும் குப்பையில் போடுவதும் ஒன்றுதான். அதை இழந்தால் எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மனைவி மிச்சம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

நான் முறைப்படிதான் ஆரம்பித்தேன். பிளான்காரரிடம் போய், மனிதர்கள் சதுரமும் இல்லை, கோலிக்குண்டும் இல்லை, அவர்கள் மெத்தென்ற பொருள், மெத்தென்ற பொருளின் நடத்தை வேறு என்று எடுத்துச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"சார், ஜனங்க அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க. மனுஷங்ககிட்ட இருக்கிற நல்ல குணமே அதுதானே?"

அந்த வார்த்தையைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை, மேடம். ஒவ்வொருவரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்வதால்தான் எல்லாரும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். கோலிக்குண்டு வளைந்து கொடுக்காது, இடம் இல்லையென்றால் வெளியே நிற்கும். மெத்தென்றவன்தான் உள்ளே வந்து, வளைந்து, தட்டையாகி, நகர வழியில்லாமல் நிற்பான். இதைத்தான் நான் பதினாறு வருடமாகத் திருகித் திருகி எழுதி வைத்திருக்கிறேன். அவர் அதைப் படிக்கவில்லை.

பிறகு மச்சானிடம் போனேன். எங்கள் பிரிவுத் தலைவர் என் மனைவியின் அண்ணன். ஆபீசில் எனக்கு அவர் 'சார்', வீட்டில் 'மச்சான்'. அவரும் அப்படியே: நாலு பேர் முன்னால் 'சார்', தனியாக இருந்தால் 'மாப்பிள்ளை'. அன்று தனியாகத்தான் இருந்தார். பார்க்கலாம் மாப்பிள்ளை, வியாழக்கிழமை பத்து மணிக்குப் பிளான்காரர் எல்லாரையும் அந்த அறையில் நிற்கவைத்துக் காட்டப் போகிறார், அது சரியாக நடந்தால் திங்கட்கிழமை உங்கள் சுவரை இடிக்க ஆள் வரும், நடக்காவிட்டால் பேசிக்கொள்ளலாம் என்றார்.

ஆக, வியாழக்கிழமை அது சரியாக நடக்கக்கூடாது. இவ்வளவுதான் என் முன்னால் இருந்தது. நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பீர்கள்.

எங்கள் மாடியில் மாதிரிகளை வைக்கும் குளிர் அறை ஒன்று உண்டு. அதற்குள் போகிறவர்கள் போட்டுக்கொள்ளப் பஞ்சுக் கோட்டுகள் இருக்கின்றன. முழங்கால் வரை வரும், இரண்டு விரல் தடிமன், காலருக்குப் பின்னால் ஆணியில் மாட்ட ஒரு நாடா வளையம். எண்ணிப் பார்த்தேன், நாற்பது இருந்தன. மாடி முழுவதற்கும் ஏசியைக் கட்டுப்படுத்தும் பெட்டி என் அறையில்தான் இருக்கிறது, கருவிக்கு ஒரே சீரான வெப்பநிலை வேண்டும் என்பதால். இந்த இரண்டையும் நான் தேடிப் போகவில்லை. அவை ஏற்கெனவே அங்கே இருந்தன.

முன்கூட்டியே திட்டமிட்டேனா என்று கேட்டீர்கள். திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தலையணைகளை எல்லாம் அலமாரிக்குள் அடுக்கி, தூக்குத் தராசின் கொக்கியை ஒரு தலையணை உறையில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். மனைவி வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"அடுக்குறேன்."

"தராசு எதுக்கு?"

"சும்மா."

அவள் தராசை எட்டிப் பார்த்தாள். பிறகு விருந்தினர் தலையணை இரண்டு பரணில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இருபத்தோரு வருடத்து இல்லறம் அப்படி. பதினோரு தலையணையில் அலமாரி இறுகியது.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஏசியைப் பதினாறில் வைத்தேன். ஒன்பதரைக்கு எல்லாரும் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஏசி மக்கர் பண்ணுகிறது, மெக்கானிக்குக்குச் சொல்லியாகிவிட்டது என்றேன். சொல்லவில்லை. ஒன்பதே முக்காலுக்கு மச்சான் என் அறைக்கு வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதைப் பிறகு சொல்கிறேன். பத்து மணிக்குக் கோட்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய், கூட்ட அறை வாசலில் நின்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். எல்லாரும் நன்றி சொன்னார்கள். ஜெல்லுக்கு நிறம் சேர்க்கும் சாயக்காரர், நான் தங்கமான மனுஷன் என்றுகூடச் சொன்னார்.

எங்கள் மாடியில் டீ அக்காவையும் சேர்த்து நாங்கள் முப்பத்து மூன்று பேர். கருவி ஓடிக்கொண்டிருக்கிறது, விட்டு வரமுடியாது என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பிளான்காரர் வெளியாள் என்றாலும் வெள்ளைப் பலகையில் படத்தை ஒட்டிவிட்டு, வாசலில் நின்ற மச்சானையும் தன்னையும் சேர்த்து எண்ணினார். முப்பத்தொன்று வந்தது. சாயக்காரரின் உதவியாளர் அன்று விடுப்பு, டீ அக்கா தட்டோடு வெளியே நின்றிருந்தார்.

"அக்கா, நீங்களும் உள்ள வாங்க. கணக்கு சரியா இருக்கணும்."

அக்கா பிஸ்கட் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நுழைந்தார். கடைசியாக மச்சான் நுழைந்து கதவைச் சாத்தினார். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. படத்தில் அதைக் குறிக்கும் கால்வட்டக் கோடு விட்டுப்போயிருந்தது. நான் அதை முதல் நாளே கவனித்துவிட்டேன்.

கோட்டு இல்லாமல் முப்பத்திரண்டு பேர் அந்த அறையில் நின்றிருப்பார்கள், சந்தேகமில்லை. முணுமுணுத்துக்கொண்டு நின்றிருப்பார்கள். கோட்டோடு, பத்து மணி நாலு நிமிடத்துக்கு, சத்தம் நின்றது. அதை எப்படிச் சொல்வது. யாரோ ஒருவர் கையை எடுக்கப் பார்த்திருக்கிறார், கை வரவில்லை. அவர் தோளை நகர்த்தப் பார்த்தார், அடுத்தவர் நகரவேண்டும். அவர் நகர அதற்கடுத்தவர். அது சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. எள் போட்டால் எள் விழாது என்பார்கள். கையில் எள் இல்லை, தேநீர் அறைச் சன்னல் வழியாகப் பென்சிலைப் போட்டுப் பார்த்தேன். கொள்முதல் அதிகாரியின் தோளுக்கும் ஆய்வு உதவியாளரின் தோளுக்கும் நடுவே நின்றுவிட்டது.

அந்தச் சன்னலைப் பற்றிக் கேட்டீர்கள். கூட்ட அறைக்கும் தேநீர் அறைக்கும் நடுவே, தோள் உயரத்தில், இரண்டு கோப்பை ஒன்றாக நுழையும் அளவு. சன்னலை ஒட்டி முதுகைக் காட்டி நின்றவர் கொள்முதல் அதிகாரி. அவர் கோட்டின் நாடா வளையம் எனக்கு நேராக இருந்தது. தராசின் கொக்கியை அதில் மாட்டி ஒரு விரல்கடை இழுத்தேன். மூன்றரைக் கிலோ காட்டியது. விட்டேன். அவர் பழைய இடத்துக்கே திரும்பிப் போனார்.

அதுதான் அடையாளம், மேடம். ஓடுகிற பொருளை இழுத்துவிட்டால் விட்ட இடத்தில் நிற்கும். இறுகிய பொருள் திரும்பிப் போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டேன். பத்து ஐந்துக்கு முதல் அளவு, பன்னிரண்டு நாற்பதுக்கு முப்பத்திரண்டாவது. கணக்கில் ஆளுக்கு ஒன்று வீதம் வந்தது, அது மனசுக்கு நிறைவாக இருந்தது.

யாரோ தன்னைப் பின்னாலிருந்து இழுக்கிறார்கள் என்று கொள்முதல் அதிகாரி சொன்னார். பின்னால் சுவர்தானே இருக்கிறது என்றார்கள். நாலாவது முறைக்குப்பின் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். அவருக்கு நான் ஒரு வருத்தக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

மூச்சு முட்டியதா என்றால், இல்லை. காற்று நன்றாக வந்தது, பதினாறு டிகிரியில். போன் எல்லாம் கோட்டுக்குள், கை எல்லாம் பக்கவாட்டில். உதவிக்குக் கூப்பிட்டார்கள், உண்மைதான். நான் சன்னல் வழியாக, மெக்கானிக் வந்துகொண்டே இருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பொறுத்தார்கள். பிளான்காரர் சொன்னது சரி, ஜனங்கள் அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள். அவர் கன்னம் வெள்ளைப் பலகையில் அழுந்தியிருந்தது, தம் படத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாத கோணத்தில். மச்சான் முதுகு கதவில், வயிறு பிளான்காரரின் விலாவில். அவர் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் பையில ஒரு பேப்பர் இருக்கு. யாராவது அதை எடுங்களேன். அதைப் படிச்சா போதும்."

யாராலும் எடுக்க முடியவில்லை.

சன்னலைப் பார்த்தபடி நின்றது அக்கா மட்டும்தான். பதின்மூன்றாவது அளவு எடுக்கும்போது என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, மீன் பிடிக்கிறீங்களா?"

"அளவு எடுக்கிறேன் அக்கா."

"எடுத்தாச்சுன்னா கதவைத் தொறக்க வழி பண்ணுங்க. கை கடுக்குது."

"இன்னும் பத்தொன்பது இருக்கு அக்கா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் தட்டைப் பக்கத்திலிருக்கும் இரண்டு தலைகள்மேல் வைத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னேன். வலது கை ஏற்கெனவே மரத்துப்போயிருந்தது. இருந்தாலும் வைத்தார். வைத்தபின், எட்டிய வாய்களுக்கெல்லாம் இடது கையால் ஆளுக்கொரு பிஸ்கட்டாக ஊட்ட ஆரம்பித்தார். அவர் அப்படிப்பட்டவர்.

என் பக்கத்தில் ஒரு தவறு நடந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். பதினொன்றரைக்கு ஏசியை இருபத்தெட்டுக்கு ஏற்றினேன். சூடானால் சுருங்கித் தானாகவே ஓடிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பாருங்கள், விடுவிக்கத்தான் நினைத்திருக்கிறேன். ஆனால் தராசு ஐந்து கிலோவுக்கு ஏறியது. வியர்த்தார்கள், திணறினார்கள், ஒருவர்கூடக் கோட்டைக் கழற்றவில்லை. அப்போதுதான் புரிந்தது. உருண்டைக்குத் தண்ணீரைத் தானே கக்கத் தெரியும். மனிதனுக்கு ஜிப்பை இறக்க ஒரு கை வேண்டும், அந்தக் கை அடுத்தவன் கோட்டில் மாட்டியிருக்கிறது. பதினாறு வருட அனுபவத்தில் எனக்கு இது தோன்றாமல் போனது வெட்கம்தான். மறுபடி பதினாறுக்கு இறக்கினேன். அளவு பழையபடி சீரானது.

இரண்டாம் மணி நேரத்தில் நல்லதும் நடந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாயக்காரரும் பெட்டி வடிவமைக்கும் அம்மாவும் ஒரு பச்சை நிறத் தகராறில் நாலு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அன்று அவர்கள் மூக்குக்கு மூக்கு ஒரு சாண் தூரத்தில் மாட்டியிருந்தார்கள். முதல் மணி நேரம் இருவரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா, அந்தப் பச்சை நிறம் அவ்வளவு மோசமில்லை என்று மெதுவாகச் சொன்னார். சாயக்காரர் அழுதுவிட்டார். கண்ணைத் துடைக்க அவருக்குக் கை இல்லை, அந்த அம்மாவுக்கும் இல்லை. நான் பன்னிரண்டு மணி அளவை எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு முப்பத்தொன்றாவது அளவு. நாலே கால் கிலோ. புள்ளிகள் மிக அழகாக ஒரே கோட்டில் விழுந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு நாற்பதுக்குக் கடைசி அளவை எடுத்ததும் எப்படியாவது அவர்களை வெளியே விடவேண்டும் என்றுதான் இருந்தேன். எப்படி என்று அப்போது முடிவு செய்திருக்கவில்லை.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு என் மனைவி அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். நான் சாப்பாட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன், அளவு எடுக்கும்போது நான் போனை எடுக்க மாட்டேன் என்பதால் அவரிடம் சொல்லியிருக்கிறாள், அல்லது சொல்லப் பார்த்திருக்கிறாள். சாப்பாட்டுப் பையில் அன்று தராசு இருந்தது. முன்கூட்டியே திட்டமிட்டதற்கு நீங்கள் காட்டும் சாட்சி இதுதான் என்று தெரியும். பையில் இரண்டுக்கும் இடமில்லை, அவ்வளவுதான்.

மச்சானின் போன் அதிர்வில் இருந்தது. அது அவர் வயிற்றுக்கும் பிளான்காரரின் விலாவுக்கும் நடுவே இருந்தது. பிளான்காரருக்குக் கூச்சம் அதிகம் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அவர் ஒரு துள்ளு துள்ளினார். பிறகு கீச்சென்று ஒரு சிரிப்பு. முன்னால் இருந்தவருக்கு அந்தத் துள்ளல் போய்ச் சேர்ந்தது, அவரும் சிரித்தார். சிரிப்பு என்பது உடம்பு குலுங்குவதுதானே, மேடம். இறுகிய ஜெல்லை நாங்கள் குலுக்கித்தான் ஓடவைப்போம். முப்பத்திரண்டு பேரும் குலுங்கினார்கள். மச்சான் அரை அடி முன்னே வந்தார், கதவு திறந்தது, வயிற்றை அழுத்திய புட்டியிலிருந்து வருவதுபோல எல்லாரும் வழவழவென்று நடைபாதைக்கு வந்து சேர்ந்தார்கள். நான் அவசரமாகத் தராசை இழுத்துப் பார்த்தேன். கொக்கியில் நாடா வளையம் மட்டும் இருந்தது.

சேதம் என்று பார்த்தால் ஒரு மூக்குக்கண்ணாடி, பதினேழு பிஸ்கட், அக்காவின் கை. அக்காவின் கைக்காக நான் உண்மையிலேயே வருந்துகிறேன். வீட்டில் மனைவி எல்லாத் தலையணைகளையும் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். மச்சான் இப்போது தனியாக இருக்கும்போதும் என்னை 'சார்' என்கிறார். அது எனக்கு வலிக்கிறது. இருபத்தோரு வருடமாக நான் மாப்பிள்ளை.

மச்சான் பையில் இருந்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டீர்கள். உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அளவீட்டு அறையைத் தொடக்கூடாது, புதியவர்களுக்கு இரண்டாவது மாடியில் இடம் பார்க்கப்பட்டிருக்கிறது என்று மேலிடம் அனுப்பிய உத்தரவு. என் அறைக்காக அவர் மூன்று நாள் மேலேயும் கீழேயும் அலைந்திருக்கிறார். கூட்டத்தின் முடிவில் எல்லார் முன்னாலும் படித்து என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்திருக்கிறார். ஆனால் மனசு கேட்காமல், ஒன்பதே முக்காலுக்கு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

"மாப்பிள்ளை, உங்க ரூமுக்கு ஒண்ணும் ஆகாது. உத்தரவு வந்துடுச்சு. நிம்மதியா இருங்க."

ஆமாம். தெரியும். கோட்டுகளைக் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே எனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன், என் கண்கூடக் கலங்கியது. ஆனால் அதற்குள் கோட்டுகளை வண்டியில் அடுக்கியாகிவிட்டது, நோட்டில் முப்பத்திரண்டு கட்டமும் போட்டாகிவிட்டது.

அளவீட்டு அறையைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை. கையெழுத்து எங்கே போடவேண்டும்? இங்கேயா? சரி. ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். கோப்பில் கடைசியாக இருக்கும் என் அளவு வரைபடத்தை என்னிடம் திருப்பித் தரும்போது மடிக்காமல் தாருங்கள். முப்பத்திரண்டாவது புள்ளிக்கு இடம் விட்டிருக்கிறேன், மடிப்பு சரியாக அங்கேதான் விழும்.